சக்கர் விற்காத மீன் கடை: ஒரு கொளத்தூர் அனுபவம்

கொளத்தூரில் வண்ண மீன் கடைக்குப் பஞ்சமே இல்லை. தெருவுக்குத் தெரு கண்ணாடித் தொட்டிகள், ஏர் பம்ப் சத்தம், வாசலில் ஆக்சிஜன் சிலிண்டர். வெளி மாவட்டங்களிலிருந்து கூட வண்டி எடுத்துக்கொண்டு வந்து மொத்தமாக வாங்கிப் போகிறார்கள். கப்பி, மோலி, ஏஞ்சல், கோல்டு ஃபிஷ் என்று விலையை மட்டும் பார்த்தால், நான் சொல்லப்போகும் கடைக்கும் பக்கத்துக் கடைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சில மீன்களுக்கு இங்கே பத்து ரூபாய் கூடவே இருக்கும். இருந்தும் இந்தக் கடையைப் பற்றி எழுதத் தோன்றியதற்குக் காரணம், வாங்கும் மீன் நாளைக்கு வேண்டாமென்று ஆகிவிட்டால் அதை என்ன செய்ய வேண்டும் என்பதைப் பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுகிறார்கள். நான் போன வேறு எந்த மீன் கடையிலும் இந்தப் பேச்சே எழுந்ததில்லை.

கடையின் பெயரைப் போடவில்லை. கடைக்காரரே வேண்டாமென்றார். "பேர் போட்டீங்கன்னா மெட்ராஸ்ல இருக்கிற மொத்த சக்கரும் நம்ம வாசலுக்கு வந்துடும்க்கா. எனக்கு இருக்கிறது ரெண்டு தொட்டி" என்று கும்பிட்டார். சக்கர் என்பது பாசி தின்று தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கிப் போடும் மீன். அவர் சொன்னது நியாயம்தான். கொளத்தூரில் சுற்றுகிறவர்களுக்கு அடையாளம் வேண்டுமானால், வாசலில் கையால் எழுதிய ஒரு போர்டு இருக்கும்: "சக்கர், ஆமை விற்பதில்லை. உங்களிடம் இருந்தால் கொண்டு வாருங்கள். ஏரியில் விடாதீர்கள்."

எங்கள் வீட்டுக்கு சக்கர் வந்த கதை எளிது. கொழுந்தனார் துபாய்க்கு வேலை மாறிப் போனபோது தன் மூன்றடித் தொட்டியை எங்கள் ஹாலில் இறக்கிவைத்துவிட்டுப் போனார். மற்ற மீன்களெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. சக்கர் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம். பகலெல்லாம் அடியில் படுத்துக் கிடக்கும். ராத்திரியானால் கல்லைப் புரட்டும், திரும்பும்போது வாலால் கண்ணாடியை அடிக்கும். என் கணவர் "அம்பத்தூர் ஏரியில விட்டுட்டு வந்துடறேன்" என்றார். மாமியார் "கோயில் குளத்துல விட்டா புண்ணியம்" என்றார். வேறொரு கடையில் விசாரித்தேன். "ஏரியில விட்டுடுங்க மேடம், அதெல்லாம் பொழச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் தொட்டியைச் சுத்தம் செய்ய இரண்டு அங்குலத்தில் புதுசாக ஒரு சக்கரை எடுத்துக் காட்டினார்கள்.

பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் பிரச்சினையே. இதை எனக்குப் புரியும்படி சொன்னவர் இந்தக் கடைக்காரர்.

கல்லாவுக்குப் பின்னால் லேமினேட் செய்த இரண்டு புகைப்படங்களை ஒட்டி வைத்திருக்கிறார். ஒன்றில் விற்கும் அளவில் இருக்கும் குட்டி சக்கர். இன்னொன்றில் வலையிலிருந்து எடுத்த, ஒன்றரை அடி இருக்கும் பெரிய சக்கர். பக்கத்தில் அளவுக்கு ஒரு ரப்பர் செருப்பு. யாராவது "டேங்க் கிளீனர் இருக்கா?" என்று கேட்டால் வாயைத் திறக்காமல் கட்டைவிரலால் பின்பக்கம் காட்டுவார். பாதிப் பேர் அங்கேயே மனம் மாறிவிடுகிறார்கள். மீதிப் பேருக்குத்தான் பேச்சு.

அந்தப் பேச்சு நன்றாக இருக்கும். பயமுறுத்தல் கிடையாது, பாடம் எடுப்பதும் கிடையாது. மீன் பிடித்துக்கொண்டே, பாக்கெட்டில் காற்று ஏற்றிக்கொண்டே சொல்லுவார். இது அமேசான் பக்கத்து மீன். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி, வயிறு வழியாகவே சுவாசிக்கும். அதனால் மற்ற மீன் செத்து மிதக்கும் சாக்கடைத் தண்ணீரிலும் இது இருக்கும். உடம்பெல்லாம் கவசம், துடுப்பில் முள். நம் ஊர்க் கொக்கோ விராலோ பெரிய சக்கரை ஒன்றும் செய்ய முடியாது. போர்ட்டோ ரிக்கோவில் இதை விழுங்கப்போய்த் தொண்டையில் சிக்கிக் கூழைக்கடாக்கள் செத்திருக்கின்றன. முட்டையிட ஏரிக் கரையில் குடைந்து வளை தோண்டும். ஒரு மீட்டர் ஆழம் வரை போகும். ஆண் மீன் அந்த வளையில் காவல் இருக்கும். அப்படிக் கரை முழுக்க வளை விழுந்தால் மழைக்காலத்தில் மண் சரியும்.

"ஏரியில விட்டா அது செத்துடும்னு நெனச்சு விட்டா கூடப் பரவால்லக்கா. அது சாகாது, நம்ம கெண்டைதான் சாவும்" என்றார்.

மெக்சிகோவில் இன்ஃபியர்னில்யோ என்று ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. திலேப்பியா பிடித்தே ஊர்கள் பிழைத்த இடம். அங்கே சக்கர் பெருகிய பிறகு மீனவர்களின் வலையில் திலேப்பியாவைவிட இதுதான் அதிகம் விழுந்தது. முள் குத்தி வலைகளும் கிழிந்தன. திலேப்பியாவே வெளியூர் மீன்தான் என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். நம் ஊர்ச் சந்தையில் ஜிலேபி என்று கிலோ கணக்கில் விற்பதும் 1952 இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்ததுதான். வந்தேறி மீனை வந்தேறி மீன் விரட்டுகிற காலம் இது.

கடைக்காரருக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை என்று கேட்டேன். கல்லாவுக்கு மேலே ஒட்டியிருந்த பத்திரிகைத் துண்டைக் காட்டினார். எண்ணூர்க் கழிமுகத்தில் காக்கா ஆழி பரவியதைப் பற்றிய செய்தி. அவர் மனைவியின் ஊர் அந்தப் பக்கம். காக்கா ஆழி என்று மீனவர்கள் சொல்லும் அந்தக் கருப்புச் சிப்பி தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. கப்பல்கள் எடை சமன் செய்ய ஏற்றி இறக்கும் தண்ணீரிலோ, கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டோ வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு தரை முழுவதையும் மூடிவிடுகிறது. இறால் சேற்றுக்குள் புகுந்து பதுங்க இடமில்லை. கையால் துழாவி இறால் பிடிப்பவர்களுக்குக் கையில் கிடைப்பது ஓடுதான், விரலைக் கீறும். பழவேற்காடு வரை இதே கதை. "என் மாமனாருக்குக் கப்பலை நிறுத்த முடியாது. எனக்கு என் கடையை நிறுத்த முடியும்ல?" என்றார். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கடையின் முக்கியமான சேவை, திருப்பி எடுத்துக்கொள்வது. பின்பக்கம் இரண்டு சிமெண்டுத் தொட்டிகள். சக்கர், பெரிதாகிப்போன கோய், தொட்டி கொள்ளாத கோல்டு ஃபிஷ் எல்லாம் எடுத்துக்கொள்கிறார். பைசா தரமாட்டார், வாங்கவும் மாட்டார். எங்கள் சக்கரைக் கொண்டுபோனபோது அதன் கண், துடுப்பு எல்லாம் பார்த்தார், என்ன சாப்பாடு போட்டோம் என்று கேட்டார், ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். பெரிய தொட்டி வைத்திருக்கும் ஆட்கள் சிலர் அவரிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள்; அவர்களுக்குப் போகும்.

"யாரும் கேக்கலைன்னா?" என்றேன்.

"கிராம்பு எண்ணெய்" என்றார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. தண்ணீரில் கிராம்பு எண்ணெயைக் கலந்தால் மீன் மயங்கிவிடும்; அளவைக் கூட்டினால் மயக்கத்திலேயே போய்விடும். மீன் வளர்ப்பவர்கள் நோயில் துடிக்கும் மீனுக்கு இதைத்தான் செய்கிறார்கள். அவர் இதை மறைக்கவில்லை. மீனைக் கொடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறார். சிலர் இதைக் கேட்டதும் மீனைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்களாம். அப்படிப் போகிறவர்கள் நேராக ஏரிக்குத்தான் போவார்கள் என்பது அவருக்கும் தெரியும். "பொய் சொல்லி வாங்கி வச்சுக்கலாம். அப்புறம் ஒருநாள் வந்து 'என் மீன் எங்கே?'ன்னு கேப்பாங்க" என்றார். நான் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஆமாம், நோட்டில் கையெழுத்து வாங்குகிறார். மாமியாரிடம் கிராம்பு எண்ணெய் விஷயத்தை இன்றுவரை சொல்லவில்லை. நல்லவேளையாக எங்கள் சக்கருக்கு அந்தக் கதி வரவில்லை. திருவள்ளூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துப் பெரிய தொட்டிக்குப் போனது.

புண்ணியம் விஷயத்தையும் அவர் கையாளும் விதம் எனக்குப் பிடித்தது. பிறந்தநாளுக்கு, திதிக்கு, வேண்டுதலுக்கு என்று குளத்தில் விடுவதற்காகவே மீன் வாங்க வருபவர்கள் உண்டு. அவர்களைத் திட்டவோ கிண்டல் செய்யவோ மாட்டார். "குளத்துல இருக்கிற மீனுக்குப் பொரி போடுங்க, அதுவும் புண்ணியம்தான்" என்பார். விற்பனை போகிறது, ஆனால் ஆள் முகம் சுளிக்காமல் போகிறார்.

நான் இருந்தபோது கல்லூரிப் பையன் ஒருவன் ஆமை கேட்டு வந்தான். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்குமே, அந்தப் பச்சைக் குட்டி.

"இல்லப்பா. இப்ப தீப்பெட்டி அளவு இருக்கும். வளர்ந்தா சாப்பாட்டுத் தட்டு அளவு. முப்பது வருஷம்கூட இருக்கும். நீ கல்யாணம் பண்ணும்போது பொண்ணு வீட்ல ஆமையையும் சேர்த்துக் கேப்பாங்களா?"

பையன் சிரித்துவிட்டான். சிரிக்க வைத்த பிறகுதான் மற்றதைச் சொன்னார். அது அமெரிக்க ஆமை. உலகின் மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் (வெளியிலிருந்து வந்து உள்ளூர் உயிர்களைப் பாதிப்பவை) என்று ஐ.யு.சி.என். என்ற சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட பட்டியலில் அதுவும் இருக்கிறது. வெயில் காயும் இடத்துக்கும் தீனிக்கும் நம் ஊர் ஆமைகளோடு போட்டி போடும். சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும் என்பதால் அமெரிக்காவிலேயே 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்க 1975 முதல் தடை. பையன் ஆமை வாங்கவில்லை. ஒரு ஃபைட்டர் மீன் வாங்கிக்கொண்டு போனான்.

பில்லோடு ஒரு துண்டுச்சீட்டு தருகிறார்கள். அரைப் பக்கம், முழுவதும் தமிழ். தொட்டித் தண்ணீரை மழைநீர் வடிகாலில் ஊற்றாமல் செடிக்கு ஊற்றச் சொல்கிறது. வெட்டிய நீர்ச்செடியை மாடியில் நன்றாகக் காயவைத்துவிட்டுக் குப்பையில் போட வேண்டும், ஒரு தொட்டியின் வலையை இன்னொன்றில் போடும் முன் காயவிட வேண்டும், ஊருக்குப் போகும்போது மீனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் கடைக்குப் போன் செய்யலாம். இவ்வளவுதான். என் மகள் இதைப் படித்துவிட்டு எங்கள் அடுக்ககத்தில் யார் வீட்டுத் தொட்டித் தண்ணீர் எங்கே போகிறது என்று கண்காணிக்கும் அதிகாரியாகத் தன்னை நியமித்துக்கொண்டாள். மூன்றாவது மாடிக்காரர் என்னிடம் புகார் சொல்லும் அளவுக்குப் போய்விட்டது. சீட்டில் குறை என்றால் எழுத்து பொடி. ஈரக்கையோடு பிடித்தால் மையும் கரைகிறது. மீன் பாக்கெட்டோடு சேர்த்துத் தரும் காகிதம் நனையும் என்று மீன் கடைக்காரருக்குத் தெரியாதா என்ன?

இனி எனக்குப் பிடிக்காதவை.

முதலாவது, செடிப் பக்கம். மீனில் இவ்வளவு கறாராக இருப்பவர், நீர்ச்செடிகளில் கண்ணை மூடிக்கொள்கிறார். சால்வினியா, வாட்டர் லெட்டூஸ், கபோம்பா எல்லாம் ஒரு கொத்து இத்தனை ரூபாய் என்று தட்டில் வைத்து விற்பனை. சால்வினியாவின் பெரிய வகை கேரளத்துக் காயல்களையும் வயல்களையும் மூடி, படகு போக வழியில்லாமல் செய்த செடி. அதை அடக்க 1980களில் ஒரு வண்டை இறக்கிவிட்டுத்தான் ஓரளவு சமாளித்தார்கள். நம் ஏரிகளை மூடியிருக்கும் வெங்காயத்தாமரையும் ஒரு காலத்தில் அழகுக்காகக் கொண்டுவந்த செடிதான். கேட்டால், "நான் வைக்கிறது சின்ன இலை வகைக்கா" என்கிறார். இருக்கலாம். ஆனால் சக்கருக்கு வைத்த மாதிரி செடிக்கும் ஒரு படம், ஒரு வரி எச்சரிக்கை வைக்க என்ன தடை? துண்டுச்சீட்டைப் படிப்பவர்களுக்குத்தான் காயவைக்கும் விஷயம் தெரியும். செடித் தட்டுக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை. அன்று கூட்டம் நெரியும். கடைக்காரர் பின்பக்கம் மொத்த வியாபாரம் பார்ப்பார். கல்லாவில் உதவிக்கு வரும் பையன்கள். மீன் பிடித்துத் தருவார்கள், பில் போடுவார்கள், அவ்வளவுதான். சீட்டும் கேட்டால்தான் கிடைக்கும். வாரநாளில் கடை முழுக்க நடக்கும் அந்தப் பேச்சு, அதிகம் பேர் வரும் நாளில் இல்லாமல் போகிறது. இதை அவரிடமே சொன்னேன். "பசங்க மாசத்துக்கு ஒருத்தன் மாறுறான்க்கா, எத்தனை தடவை சொல்லிக் குடுக்கிறது" என்று சலித்துக்கொண்டார்.

மூன்றாவது, கப்பி. இதையும் ஏரி குளங்களில் விடுகிறார்கள். அதைப் பற்றிப் பேச்சில்லை. இதில் அவரை மட்டும் குறை சொல்வது சரியில்லைதான். கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கம்பூசியா என்னும் சின்ன மீனை 1928 இல் இத்தாலி வழியாகக் கொண்டுவந்து இந்தியா முழுக்க நீர்நிலைகளில் விட்டது அரசு நிர்வாகங்கள்தாம். கப்பியும் அந்த வழியிலேயே போனது. மேலே இருப்பவர்கள் விட்டால் சுகாதாரம், நாம் விட்டால் தப்பு என்று வாடிக்கையாளர் கேட்டால் கடைக்காரர் என்ன பதில் சொல்வார்?

சட்டம் இல்லாமல் இல்லை. ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு 2000 இலேயே தடை. அதன் பிறகும் பண்ணைகளைக் கண்டுபிடித்து அழிக்கும் செய்தி அவ்வப்போது வருகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022 இல் கொண்டுவந்த திருத்தம், ஊடுருவல் உயிரினங்களின் இறக்குமதியையும் வியாபாரத்தையும் ஒழுங்குபடுத்தவோ தடுக்கவோ மத்திய அரசுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. ஆனால் 2018 வெள்ளம் வடிந்தபின் கேரள ஆறுகளில் அரபைமா, அலிகேட்டர் கார் என்னும் வெளிநாட்டு ராட்சத மீன்கள் வலையில் சிக்கின. 2023 இல் ஸ்ரீநகர் தால் ஏரியில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கையில் ஓர் அலிகேட்டர் கார் கிடைத்தது. அமெரிக்க மீன் தானாக நீந்தி காஷ்மீருக்குப் போகாது. யாரோ ஒருவர் ஏதோ ஒரு கடையில் சின்னதாக வாங்கியிருப்பார். அந்தக் கடையில் இந்த மாதிரி ஒரு போர்டு இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சக்கருக்குப் பதிலாக எனக்கு அவர் கொடுத்ததைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மீன் வாங்க நினைப்பவர்களுக்கு உதவும். பாசி தின்ன இரண்டு வழி சொன்னார். ஒன்று, பிரிசில்நோஸ் என்னும் சின்ன வகை. ஐந்தாறு அங்குலத்தோடு நின்றுவிடும். அதையும் வெளியில் விடக்கூடாது என்று கூடவே சொன்னார். இன்னொன்று, நெரைட் நத்தை. இதன் குஞ்சுகளுக்கு உப்பு கலந்த நீர் வேண்டும் என்பதால் நம் தொட்டியில் பெருகாது. நான் நத்தையை எடுத்தேன். கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது, ராத்திரி சத்தமும் இல்லை. ஆனால் கல், மரத்துண்டு எல்லாவற்றிலும் எள்ளளவு வெள்ளை முட்டைகளை ஒட்டி வைக்கிறது. பொரிக்காது, ஆனால் சுரண்டினாலும் லேசில் போகாது. அழகு முக்கியம் என்பவர்கள் பிரிசில்நோஸே எடுங்கள்.

மீனின் ஆரோக்கியம் நன்றாக இருக்கிறது. அங்கே வாங்கிய மோலிகளில் ஒன்று மட்டும் முதல் வாரத்திலேயே போனது. கேட்டதும் மாற்றிக் கொடுத்தார். புதிதாக வந்த மீனைத் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே விற்கிறார், அதனால் சில நாள் கேட்ட மீன் கிடைக்காது. பேரம் பேசினால் மசிய மாட்டார். வெளிச்சம் போதாது, நடக்கும் இடம் ஈரம், பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள்.

5க்கு 4 கொடுப்பேன். குறைத்த ஒன்று செடித் தட்டுக்கு.

போகிறவர்களுக்கு: ஞாயிறு வேண்டாம், வாரநாளில் மதியம் மூன்று மணிக்கு மேல் போனால் கடைக்காரரே இருப்பார். தெரு குறுகல், கார் நிறுத்த இடம் கிடையாது, டூவீலர் என்றால் சமாளிக்கலாம். ஜிபே உண்டு. சக்கர் கொடுக்கப் போவதென்றால் முதல்நாளே போய்த் தொட்டியில் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாருங்கள். மூடி போட்ட பெயிண்ட் வாளியில் கொண்டுபோங்கள், மூடியில் ஓட்டை போட்டு. பிளாஸ்டிக் கவர் தாங்காது, துடுப்பு முள் கிழித்துவிடும்.